விரிசல் மாலையின் நீளம்

சிட்டிகை என்ற பேரை மூத்தவள் முதன்முதலில் கேட்டது, தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில். கொழுந்தன் வாசற்படியில் நின்றுகொண்டு, மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று தடவை சொன்னான்; போகவில்லை. நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டே நிற்கிற ஆம்பளைக்கு வாய்க்குள் ஏதோ செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.

“அண்ணி, ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். சிட்டிகைன்னு கூப்பிடுவாங்க.”

“சிட்டிகையா? ஏண்டா, அரைப்படின்னு ஒருத்தி கிடைக்கலையா உனக்கு?”

பெண் வெளி ஆள் இல்லை. கொழுந்தனுடைய சின்ன அத்தை மகன் கட்டிக்கொண்டவளின் பெரியப்பா மகள். சொந்தம் என்று நினைத்தால் சொந்தம், வேண்டாம் என்று நினைத்தால் யாரோ. தையல் சாமான் கடையில் பித்தான் பிரிவில் வேலை. டப்பாவுக்குள் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தால் எண்ணாமலே இருபத்தைந்து பித்தான் இருக்குமாம். அதனால் அந்தப் பேர்.

கல்யாணமாகி வந்த வாரமே மூத்தவள் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டாள். வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய உதிரிப் பித்தான் கிடந்தது. “எங்க, எடு பாப்போம்” என்றாள். புதுப்பெண் எடுத்துக் கொடுத்தாள். மூத்தவள் எண்ணினாள். இருபத்தைந்து. கண் தெரியவில்லை என்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எண்ணினாள். இருபத்தைந்து. ஒன்றை மடியில் ஒளித்துவிட்டோமோ என்று மடியை உதறிவிட்டு மூன்றாம் முறை எண்ணினாள். அப்போதும் இருபத்தைந்து. அன்றிலிருந்து அவளுக்கு ஓரகத்தியைப் பிடிக்காமல் போயிற்று.

பிடிக்காமல் போனதற்கு வேறு காரணமும் தேட வேண்டியிருந்தது. அதையும் சிட்டிகையே கொடுத்தாள். கடை வேலையை விட்டபிறகு மணி கோக்க உட்கார்ந்தாள். சரி, பொம்பளை மணி கோக்கட்டும். ஒரு பூ, ஒரு மயில், ஒரு மாங்காய் என்று உலகத்தில் எல்லாரும் கோப்பதைக் கோத்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? இவள் கண்ணுக்கு அதெல்லாம் படவில்லை. பின்னறை ஜன்னலில் உட்கார்ந்து எதிரே என்ன தெரிகிறதோ அதைக் கோத்தாள். எதிரே தெரிந்தது துணிக்கொடி. மழை நின்றதும் கொடியில் தொங்குகிற நீர்த்துளி மாதிரி கண்ணாடி மணி வைத்து ஒரு சங்கிலி செய்தாள். தரையில் எறும்பு போயிற்று. கறுப்பு மணி வரிசையாகக் கோத்து, நடுவில் ஒரே ஒரு வெள்ளை மணி வைத்தாள். அது எறும்பு தூக்கிப் போகும் சர்க்கரையாம். எறும்பு மாலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம் இருக்கும். ஏன் என்று கேட்டால், “அன்னைக்கு அத்தனை எறும்புதான் வந்துது” என்பாள். சமையலறைக் கழுவுதொட்டிக்கு அடியில் ஒரு குழாய் வருஷக்கணக்காய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடவில்லை. ‘ஒழுகும் குழாய்’ என்று ஒரு ஜோடித் தோடு. காதில் போட்டுத் தலையை ஆட்டினால் துளி விழுகிற மாதிரியே இருக்கும்.

“அடுத்தவ வீட்டு மானத்தைக் கூடையில போட்டு வித்தவளைக் கேள்விப்பட்டிருக்கேன். இவ நம்ம வீட்டு ஓட்டையையே கொக்கி போட்டு ஊரு காதுல மாட்டிட்டு வர்றா” என்று மூத்தவள் பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் அப்போது அந்தத் தோட்டைத்தான் போட்டிருந்தாள். மூத்தவள் அதைக் கவனித்தது வீட்டுக்கு வந்தபிறகு.

சிட்டிகையின் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் செய்ய மாட்டாள். ஒரே சாமானைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்துத் தடவையும் எழுந்துபோய், நூலை அந்தப் பொருளின் மேலேயே வைத்து அளந்து வெட்டிக்கொண்டு வருவாள். பழைய கடை முதலாளி, “காகிதத்தை அளந்து சட்டை தைக்காத, ஆளை அளந்து தை” என்று தையல்காரனிடம் சொல்வாராம். அதைக் கேட்டு வந்த பழக்கம். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் சிலர் அதை மறந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. காற்றுத்துளைக்குக் கீழே மயிரிழையாய்த் தொடங்கி, கோணல்மாணலாய் இறங்கி, முடிகிற இடத்தில் ரெண்டாய்ப் பிரியும். யார் பார்த்தாலும் முகம் சுளிப்பார்கள். சிட்டிகை பார்த்தாள், தன்னை மறந்து நின்றாள். சாம்பல் மணியில் தண்டு, உள்ளே இரும்பு தெரிந்த இடத்தில் துருநிறத்தில் நாலு மணி, கீழே ரெண்டு வால். அதுதான் விரிசல் மாலை. முதலில் செய்ததை மரியாதைக்கு மூத்தவளிடம் கொடுத்தாள். மூத்தவளும் மரியாதைக்கு வாங்கி, தீர்ந்துபோன டார்ச் செல்லும் பழைய ரசீதும் கிடக்கிற மேஜை இழுப்பறையில் போட்டாள்.

அந்த வீடு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. முன்பக்கம் மூத்தவன் குடும்பம், பின்பக்கம் இளையவன். மூத்தவன், அதாவது மூத்தவளின் புருஷன், எடை அளவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் தராசுக்காரர் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஊரில் ஒரு கடைக்காரன் படிக்கல்லில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் வீட்டுக் கதவு ரெண்டு வருஷமாய்ச் சட்டத்தில் இடிக்கிறது. அது மழை ஈரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊர் முதுகுக்கெல்லாம் கண்ணாடி பிடித்தவருக்குத் தன் முதுகு தெரியவேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு ஒரு திட்டம் வந்தது. திட்டம் அவருடையது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்; உண்மையில் அது மூத்தவளுடையது. மாடியில் ஒரு தளம் எழுப்ப வேண்டும். ஒரே மகனுக்குப் பெண் பேசி முடித்தாயிற்று. கீழே இருக்கிற இடத்தில் புதுசாய் வருகிறவள் ஒரு மாதம் இருப்பாள். ரெண்டாம் மாதம் தனி வீடு என்பாள். மகன் பெட்டியைத் தூக்குவான். மாடியில் ரெண்டு அறை கட்டிவிட்டால் எங்கே போவான்? போனாலும் மாடிப்படி இறங்கித்தானே போகவேண்டும்? படிக்குக் கீழேதானே மூத்தவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்? இப்படி ஆறு மாதமாய்ச் செங்கல் இல்லாமலே மனசுக்குள் அந்த மாடியைக் கட்டி, வெள்ளையடித்து, திரைச்சீலையும் மாட்டிவிட்டாள்.

மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “இது வெறும் பூச்சு விரிசல்மா. சுவரு சிரிக்குது, அவ்ளோதான். மேல பூசிட்டா வாயை மூடிக்கும்” என்றார். வாயை மூடவேண்டியது எது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சிட்டிகைக்கு மணிக்கடைக்காரரோடு தகராறு வந்தது. முன்பெல்லாம் ஒரு பொட்டலச் சாம்பல் மணியில் ஒரு விரிசல் மாலை முடிந்து கொஞ்சம் மிஞ்சும். இப்போது பொட்டலம் பற்றவில்லை. எண்ணிக்கையில் யாரும் அவளை ஏமாற்ற முடியாது. ஆகையால் மணியைத்தான் சின்னதாக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினாள். கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். விஷயம் தராசுக்காரர் காதுக்குப் போயிற்று. ஓய்வு பெற்றபின் இப்படி ஒரு வழக்கு அவருக்குக் கிடைக்கவே இல்லை. அலமாரியிலிருந்து தன் சின்னத் தராசை இறக்கித் துடைத்து, பழைய பொட்டலத்தில் மிஞ்சிய மணியில் நூறும் புது மணியில் நூறும் போட்டுப் பார்த்தார். முள் நடுவில் நின்றது.

“மணியில ஒரு குறையும் இல்லம்மா. கடைக்காரன் யோக்கியன். நீ எதையோ தப்பா அளக்குற” என்றார், ஓய்வூதியம் ரெட்டிப்பான மாதிரி ஒரு முகத்தோடு.

“நான் எப்பவும் போலத்தான் மாமா அளக்குறேன்” என்றாள் சிட்டிகை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செங்கல் இறங்க நாலு நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற பெண் தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ரெண்டு பேர் கழுத்திலும் விரிசல் மாலை. தங்கை போன வருஷம் வாங்கியது. அக்கா போன வாரம் வாங்கியது.

“ஒரே மாலைதானே கேட்டோம்? என்னோடது நெஞ்சோட நிக்குது, இவளோடது தொப்புளுக்கு வருது. ரெண்டும் ஒண்ணா போட்டுட்டுப் போனா, ஒருத்தி கட்டிக்கிட்டவ, ஒருத்தி கழட்டப்போறவ மாதிரி இருக்கு” என்றாள் தங்கை.

மூத்தவள் முன்கூடத்தில் இருந்தாள். பதினைந்து வருஷமாய் இந்த நாளுக்குத்தான் காத்திருந்தவள் போல எழுந்து வந்தாள்.

“என்னடி சிட்டிகை, கை தப்பிப்போச்சா? இருபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சுதான்னு பேரு வாங்கினவ!”

“அளவு தப்பாதுக்கா. சுவத்து மேல நூலை வெச்சுத்தான் வெட்டினேன்.”

“ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! மாமா தராசுல போட்டுக் காட்டியும் புத்தி வரலியே. இரு, எனக்கு ஒண்ணு குடுத்தியே, அதையும் எடுத்துட்டு வர்றேன். மூணையும் வெச்சுப் பாத்தா ஊரே சிரிக்கும்.”

இழுப்பறையைக் குடைந்து, டார்ச் செல்லுக்கு அடியிலிருந்து தன் மாலையை எடுத்துவந்தாள். கட்டில் விரிப்பில் மூன்றையும் நீட்டிப் போட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் செய்தது சின்னது. போன வருஷத்தது அதைவிட நாலு விரற்கடை பெரியது. போன வாரத்தது எல்லாவற்றையும்விடப் பெரியது. படிப்படியாய் இறங்கியிருந்தன. சிரிக்க வாயெடுத்த மூத்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கை தப்பினால் முன்னே பின்னே அல்லவா தப்பும்? இப்படி வரிசை பிடித்து நின்றா தப்பும்?

சிட்டிகை சின்ன மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

“அக்கா, காத்துத்துளைக்குக் கீழ மேல்நுனியைப் பிடிங்க.”

மூத்தவள் பிடித்தாள். சிட்டிகை மணி மணியாய் விரிசலின் மேல் ஒட்டவைத்துக்கொண்டே இறங்கினாள். துருமணி வரவேண்டிய இடத்தில் துரு இருந்தது. கோணல் வரவேண்டிய இடத்தில் கோணல் இருந்தது. வால் வரவேண்டிய இடத்தில் மாலை முடிந்தது. விரிசல் முடியவில்லை. அதற்குக் கீழே ஒரு சாணும் ரெண்டு விரலும் தன் போக்கில் போய், தரைக்குப் பக்கத்தில் பிரிந்தது.

“அப்போ எங்க மாலையில தப்பில்லையா?” என்று கேட்டாள் அக்காக்காரி.

“மாலையில இல்ல” என்றாள் சிட்டிகை.

“சரி, என்னோடது புதுசு, அதான் நீளம்” என்று அக்கா தங்கையைப் பார்த்துப் பெருமையாய்ச் சொன்னாள். வழக்கு தீர்ந்த சந்தோஷத்தில் ரெண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். இப்படித்தான் நாலு பேருக்கு விஷயம் தெரிந்தது. ரெண்டு பேருக்குப் புரிந்தது.

“இங்க பாரு, யாருகிட்டயும் மூச்சு விடாத” என்றாள் மூத்தவள், மாலையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு.

“அக்கா, திங்கக்கிழமை செங்கல் இறங்குது.”

“தெரியும்டி. நாளு குறிச்சதே நான்தான்.”

“இருக்கிறதையே தாங்காம கிழியுது சுவரு. இதுக்கு மேல ரெண்டு ரூமா?”

“மேஸ்திரிக்குத் தெரியாதது உன் மணிக்குத் தெரிஞ்சிருச்சா?”

“நான் சொன்னா மாமா கேக்கமாட்டாரு. மணி கோக்குறவளுக்குச் சுவரைப் பத்தி என்ன தெரியும்பாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன். இல்லேன்னா நானே போய் நிப்பேன்.”

அத்தனை வருஷத்தில் சிட்டிகை அவளிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

மூத்தவள் மாலையை மறுபடி டார்ச் செல்லுக்கு அடியில் வைத்தாள். வைத்துவிட்டால் சுவர் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மறுநாள் மேஸ்திரி வந்து விரிசலின் மேல் சிமெண்டைப் பூசி, தேய்த்து, மழமழவென்று ஆக்கினார். காய்ச்சல்காரிக்குப் பவுடர் போட்டுப் பெண் பார்க்க உட்காரவைத்த மாதிரி இருந்தது சுவர். மூத்தவளுக்கு அந்தப் பவுடரே போதுமாய் இருந்தது. போகும்போதும் வரும்போதும் தடவிப் பார்த்தாள். எங்கே விரிசல்? விரிசலே இல்லையே! மகனும் இருப்பான், மாடியும் இருக்கும், படிக்குக் கீழே நாற்காலியும் இருக்கும்.

திங்கள் காலையில் செங்கல் வந்தது. ஆட்கள் தலைச்சுமையாய் மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். படியில் திம் திம் என்று சத்தம். பத்து மணிக்குச் சிட்டிகை கையில் நூற்கண்டோடு பின்னறையிலிருந்து வெளியே வந்தாள். அன்றைக்கு ஒரு விரிசல் மாலை கோக்க வேண்டியிருந்தது, வேலை வேலைதான். சுவர் முன்னால் வந்து நின்றாள். திரும்பி மூத்தவளைப் பார்த்தாள்.

புதுப் பூச்சின் மேல், காற்றுத்துளைக்குக் கீழே, மயிரிழையாய் ஒரு கோடு. பழைய கோணல், பழைய வளைவு, தரைக்குப் பக்கத்தில் பிரிகிற வால், எதையும் மறக்கவில்லை. சிட்டிகையைப் போலவே மாதிரி பார்க்காமல் வந்திருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் மூத்தவளின் மகன் கட்டிலை ஒட்டிப்போட்டு, ராத்திரி வேலை முடிந்துவந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூத்தவளுக்கு மாடியும் நினைவில்லை, மருமகளும் நினைவில்லை. உள்ளே ஓடி அவன் காலைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரிடா! எந்திரிச்சு வெளிய வாடா!”

“என்னம்மா, வீடா பத்திக்கிச்சு?”

“பத்தலடா. கிழியுது!”

அவனைத் தெருவில் நிறுத்திவிட்டு, இழுப்பறையிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். தராசுக்காரர் செங்கல் கணக்குச் சரியா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அந்த மணியை எடை போட்டது யாரு?”

“நான்தான். ஏன்?”

“மணி சரியா?”

“சுத்தமா சரி. என் தராசு பொய் சொல்லாது.”

“அவ கை அளவு சரின்னு இருபத்தஞ்சு பித்தானை மூணு தடவை எண்ணினவ நானு. மணியும் சரி, கையும் சரி. அதே சுவத்துல ரெண்டு வருசத்துக்கு முன்ன அளந்தது இது. வந்து வெச்சுப் பாருங்க. எது குறையுதுன்னு நீங்களே சொல்லுங்க, ஆபீசரு.”

அவர் வந்து வைத்துப் பார்த்தார். பிறகு இரும்பு அளவு நாடாவைக் கொண்டுவந்து அதையும் வைத்துப் பார்த்தார். பிறகு நாடாவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது யோக்கியனா என்று. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் முகம் தொங்குவதைப் பார்த்தவர், அன்றைக்குத் தன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “செங்கலை இறக்குங்கப்பா” என்றார்.

கட்டட இன்ஜினியர் மறுநாள் வந்தார். படிச்சுவர் மூலையில் இடுப்பளவு தோண்டச் சொன்னார். மண் சேறாய் இருந்தது. கழுவுதொட்டிக்கு அடியில் சொட்டுகிற அந்தக் குழாயின் தண்ணீர், வருஷக்கணக்காய் நேரே அஸ்திவாரத்துக்குப் போய் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. தொட்டி ஆதியில் வேறு பக்கம் இருந்தது. மூலைக்கு மாற்றினால் விசாலமாய் இருக்கும் என்று ஒற்றைக்காலில் நின்று மாற்றியவள் மூத்தவள். இன்ஜினியர், “யாரு இதை இங்க மாத்தினது?” என்று கேட்டபோது அவளுக்குத் திடீரென்று அடுப்பில் ஏதோ வேலை வந்துவிட்டது.

சேதி கேட்டு வேலியோரம் வந்து நின்ற டீச்சர் காதில் ஒழுகும் குழாய் தோடு ஆடிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதைப் பார்த்தாள். வீட்டு நோயின் தொடக்கம் ஒருத்தி காதில், முடிவு இன்னொருத்தி கழுத்தில். விலாசம் போடாத குறைதான். அத்தனையையும் நாலு தெருவுக்குக் கோத்துக் கொடுத்திருந்தாள் சிட்டிகை. வாங்கினவர்கள் எல்லாம் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

குழாயை மாற்றி, அஸ்திவாரத்தைக் கெட்டிப்படுத்தி, அந்தச் சுவரை இடித்துப் புதுசாய் எழுப்பினார்கள். மேலே தளம் கட்டக்கூடாது என்று இன்ஜினியர் எழுதியே கொடுத்துவிட்டார். மகன் கல்யாணமாகி ரெண்டு தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போனான். மூத்தவள் பயந்த மாதிரியே போனான். ஆனால் உயிரோடு போனான். மருமகள் வாரம் ரெண்டு தடவை வருகிறாள், பின்னறைக்கு, மணி கோக்கப் பழக. மூத்தவள் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழகுகிற மூன்று மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

விரிசல் மாலை கேட்டு இன்னமும் ஆள் வருகிறது. சிட்டிகை செய்து கொடுப்பதில்லை. “விரிசல் இல்லியே, எதை அளக்கிறது?” என்பாள். மாதிரிக்கு மூத்தவள் இழுப்பறையில் ஒன்று இருக்கிறதே என்று டோக்கன் பெண் கேட்டுப் பார்த்தாள். மாதிரி பார்த்துச் செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை; தவிர, அது இழுப்பறையிலும் இல்லை. மூத்தவள் அதைக் கழுத்தில் போட்டிருக்கிறாள். பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன் என்று யாரும் கேட்காமலே சொல்கிறாள்.

சிட்டிகை அதே வீட்டில்தான் இருக்கிறாள். பின்னறை ஜன்னலில் உட்கார்ந்து, புதுச் சுவரில் ஏறுகிற எறும்பை எண்ணிக் கோத்துக்கொண்டிருக்கிறாள்.